பாபநாசம் 143

அப்பாவின் கடைசி பில்லைக் கட்டப் போனபோது கையில் ஒரு டோக்கன் கொடுத்தார்கள். வெளுத்துப்போன நீலப் பிளாஸ்டிக் வில்லை. மேலே ஒரு ஓட்டை, அதற்குக் கீழே எண்: 143. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. 2005 நவம்பர் 15, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை மணி இருக்கும். தம்பி வெளியே ஆம்புலன்ஸ் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தான். நான் அந்த வில்லையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.

திருநெல்வேலிப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு 143 என்ன எண் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி. மணிமுத்தாறு 118, சேர்வலாறு 156. காலைப் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமாக இந்த அணைகளின் அன்றைய மட்டம் வரும். மற்ற ஊர்களில் தங்க விலை பார்ப்பதுபோல எங்கள் வீட்டில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு கோட்டை விதைப்பாடு, அதாவது ஒரு கோட்டை விதைநெல் கொள்கிற நிலம், இருந்தது. கார், பிசானம் என்று இரண்டு பூ, இரண்டு போகம். பாபநாசத்தில் தண்ணீர் இருந்தால் பிசானத்துக்குப் பயமில்லை. ஐப்பசியிலும் அணை ஏறவில்லை என்றால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. நடையை ஒட்டித் தொங்கிய தினசரி காலண்டரில், அன்றைய தாளின் ஓரத்தில், பென்சிலால் அணை மட்டத்தை எழுதிவைப்பார். விரல் நீளம்கூட இல்லாத பென்சில்; காலண்டர் அட்டைக்குப் பின்னாலேயே செருகி வைத்திருப்பார். மறுநாள் தாளைக் கிழித்துத் தூரப் போட மாட்டார். மளிகைக் கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அதுபோல வளைந்த கம்பி ஒன்றில் குத்தி அடுக்கிவிடுவார். வருடம் முடியும்போது அது ஒரு செங்கல் கனத்துக்கு இருக்கும். நாள், கிழமை, திதி, ராகுகாலம் எல்லாம் அச்சில். அணை மட்டம் மட்டும் அவர் கையெழுத்தில்.

அப்பா இறப்பதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒன்று. அம்பையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். முன் இருக்கையின் முதுகில் யாரோ கல்லூரிப் பையன் காம்பஸ் முனையால் ஆழமாகக் கீறி வைத்திருந்தான்: 143. அந்தக் காலத்தில் பிள்ளைகள் 'ஐ லவ் யூ' என்பதை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள், ஒவ்வொரு சொல்லிலும் உள்ள ஆங்கில எழுத்துகளை எண்ணி. அப்பா அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். "பாபநாசம் நெறஞ்ச அன்னைக்கு எவனோ எழுதியிருக்காம்ல. வயக்காரன் வீட்டுப் பிள்ளையாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு அர்த்தம் தெரியும். சொல்லவில்லை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை.

அதனால்தான் அந்த டோக்கன் என்னை அப்படி நிறுத்தியது. 'நிறைந்துவிட்டது' என்று யாரோ எழுதிக் கொடுத்ததுபோல இருந்தது. அணை நிரம்பிவிட்டது, இனி கவலையில்லை, போய்வருகிறேன் என்று. அந்த ஒரு வினாடி எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பணத்தைக் கட்டியதும் வில்லையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு 143 என்னை விடவில்லை. தூக்கம் வராமல் எழுந்து பார்த்தால் மணி 1:43. முன்னால் போகிற லாரியின் எண்ணில் 143. மின்கட்டண ரசீதின் கடைசி மூன்று இலக்கம் 143. விடைத்தாள் கட்டில் 143-ஆம் எண். ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நிகழ்தகவு நடத்துகிறவன். ஆனாலும் எழுதினேன். ஒவ்வொரு தடவை அந்த எண்ணைப் பார்க்கும்போதும் அப்பா தோளில் கை வைத்ததுபோல இருந்தது. அதை யாராவது வேண்டாம் என்பார்களா?

ஒரு வருடம் கழித்து அவருடைய ஜாதக நோட்டை எடுத்தேன். எங்கள் பக்கத்துப் பழைய ஜாதகங்களிலும் கிரயப் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு இருக்கும். கி.பி. 825-இல் தொடங்குகிற கணக்கு. மலையாளக் கரையில் இன்னும் நடப்பில் இருக்கிறது; எங்கள் தாத்தா காலம்வரை நெல்லைச் சீமையிலும் அதுதான் பேச்சு வழக்கு. அப்பாவின் குறிப்பில் முதல் வரி: கொல்லம் 1118, சுபானு வருஷம், ஆனி மாதம். அதாவது 1943.

1943. நடுவில் இருக்கிற 9-ஐ எடுத்துவிட்டால் 143. கொல்லம் 1118-இல் முதல் 1-ஐ எடுத்துவிட்டால் 118, மணிமுத்தாறு. ஒரே மனிதனின் பிறந்த வருடம், இரண்டு கணக்கில், இரண்டு அணையாக நிற்கிறது. நோட்டை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று நாள் அந்த நினைப்பிலேயே இருந்தேன். நான்காவது நாள் வகுப்பில் ஒரு பையன், கணக்குக்கு விடை வராமல், இடையில் ஒரு எண்ணைச் சத்தமில்லாமல் அடித்துவிட்டுச் சரியான விடையை எழுதிக் காட்டினான். "இந்த 9 எங்கடே போச்சு?" என்று கேட்டேன். கேட்ட வாய் மூடவில்லை, எனக்கு உறைத்துவிட்டது. 1943-இல் ஒன்பதை நான் எங்கே போட்டேன்? முதல் எண்ணில் இரண்டாவது இலக்கத்தை எடுத்தேன். அடுத்த எண்ணில் முதல் இலக்கத்தை எடுத்தேன். எனக்கு வேண்டிய விடை வருகிறவரை விதியை மாற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அந்தப் பையனைத் திட்டவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1942. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். எங்கள் குடும்பத்திலேயே ஜூன் 1-இல் 'பிறந்தவர்கள்' நான்கு பேர். பென்ஷன், வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் அதுதான் உண்மை. ஒரு வாத்தியார் பேனாவில் வந்த தேதியை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எண்கணிதம் பார்த்துப் பெயரை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் வண்டியையே விற்றவர்களை எனக்குத் தெரியும்.

கார் பருவத்துக்குப் பாபநாசத்தில் தண்ணீர் திறக்கிற வழக்கமான தேதியும் ஜூன் 1 தான். இதையும் ஒரு காலத்தில் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். ஆனால் இதற்குக் காரணம் இருக்கிறது. வெயில் தணிந்து தென்மேற்குப் பருவக்காற்று வருகிற நேரம் என்பதால் பள்ளிக்கூடமும் அப்போதுதான் திறக்கிறது, மடையும் அப்போதுதான் திறக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்று. இப்படிக் காரணம் கிடைக்கிற ஒற்றுமைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் சிக்மண்ட் ஃபிராய்டைப் பற்றிப் படித்தேன். மனிதமனத்தை அவ்வளவு ஆராய்ந்தவருக்கே ஒரு எண் பயம் இருந்திருக்கிறது. 62 வயதில் செத்துப்போய்விடுவோம் என்று பல வருடம் நம்பினார். 1904-இல் தம்பியோடு கிரேக்க நாட்டுக்குப் போனபோது எங்கே பார்த்தாலும் 61, 62 என்ற எண்களே கண்ணில் பட்டன. ஏதென்ஸில் ஹோட்டல் அறை முதல் மாடியில் என்றார்கள். அவ்வளவு பெரிய எண் வராது என்று நிம்மதியானார். கொடுத்தது 31. அறுபத்திரண்டில் பாதி. பின்னால், 1909-இல், இன்னொரு மனோதத்துவ அறிஞரான யுங்குக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொல்லி, அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றும் விளக்குகிறார். 1899-இல் அவருக்குப் புதிய டெலிபோன் எண் வந்தது. அப்போது அவருக்கு வயது 43. அந்த எண்ணில் 43-க்குப் பின்னால் மிச்சம் இருந்தது 62.

டெலிபோன் எண் இதுதான்: 14362.

இந்த இடத்தில் என் கை நடுங்கியது. அப்பா 1943 ஆனியில் பிறந்து 2005 நவம்பரில் இறந்தார். 62 வயது. என் எண் 143. அவர் போன வயது 62. வியன்னாவில், அப்பா பிறப்பதற்கு 44 வருடத்துக்கு முன்னால், ஒருவர் வீட்டு டெலிபோனில் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கின்றன.

இரவெல்லாம் யோசித்தேன். ஃபிராய்ட் அதை 1, 43, 62 என்று பிரித்தார். முதல் 1-ஐக் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் அவருக்கு அதில் வேலை இல்லை. நான் 143, 62 என்று பிரித்தேன். ஐந்து இலக்கம் ஒன்றுதான். அவரவர் வலி எங்கே இருக்கிறதோ அங்கே வெட்டுகிறோம். ஃபிராய்ட் 62-இல் சாகவில்லை. 1939-இல், 83 வயதில் இறந்தார். பயந்த வருடத்தைத் தாண்டி 21 வருடம் இருந்தார்.

நான் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு தொடங்குகிறபோது பிறந்தநாள் கணக்கைத்தான் முதலில் சொல்வேன். ஒரு அறையில் 23 பேர் இருந்தால் போதும், அதில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வருவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு. நம்ப மாட்டார்கள். 365 நாளுக்கு 23 பேர் எம்மாத்திரம் என்பார்கள். ஆட்களை எண்ணாதீர்கள், ஜோடிகளை எண்ணுங்கள் என்பேன். 23 பேரில் 253 ஜோடி. 40 பேர் வகுப்பு என்றால் 780 ஜோடி. வாய்ப்பு நூற்றுக்கு 89. பலகையில் தேதிகளை எழுத ஆரம்பிப்போம், பத்துப் பன்னிரண்டு பேரைத் தாண்டுவதற்குள்ளேயே சில வருடம் "சார் எனக்கும் அதே" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலில் இருக்கிற மகிழ்ச்சியை நான் கணக்கைக் காட்டிக் குறைத்ததில்லை. அந்த இரண்டு பேரும் அன்றிலிருந்து சேர்ந்து சாப்பிடுவார்கள்.

1989-இல் பெர்சி டயகோனிஸ், ஃபிரெடெரிக் மோஸ்டெல்லர் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் தற்செயல் ஒற்றுமைகளைப் பற்றி எழுதியதன் சாரமும் இதுதான். போதுமான அளவு பெரிய கூட்டத்தை எடுத்துக்கொண்டால், எவ்வளவு விசித்திரமான விஷயமும் அதில் எங்காவது நடந்தே தீரும். ஒரு நாளைக்கு என் கண்ணில் படுகிற எண்கள் எத்தனை? வண்டி, ரசீது, கடிகாரம், பக்க எண், போன் எண். எல்லாவற்றையும் நான் பார்க்கிறேன். 143-ஐ மட்டும் எழுதிவைக்கிறேன். ஒரு மாதம் சோதித்துப் பார்த்தேன். வகுப்பில் ஒரு பிள்ளையை மூன்று இலக்க எண் ஒன்று சொல்லச் சொன்னேன். 257 என்றாள். அந்த மாதம் 143-ஐயும் 257-ஐயும் ஒரே அக்கறையோடு தேடினேன். 143 பதினொரு தடவை வந்தது. 257 ஒன்பது தடவை. 257 வந்தபோதெல்லாம் எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

தேதிகளிலும் இதே கதைதான். எட்டயபுரம் அந்தக் காலத்தில் திருநெல்வேலி ஜில்லா. பாரதி 1882 டிசம்பர் 11-இல் அங்கே பிறந்தார், திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தார். மறைந்த நாளாக நாம் நெடுங்காலமாக நினைவில் வைத்திருப்பது 1921 செப்டம்பர் 11. பிறந்ததும் பதினொன்று, மறைந்ததும் பதினொன்று என்று பள்ளிக்கூட விழாக்களில் பேசுவார்கள். ஆனால் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில். ஆங்கிலக் கணக்கில் அது 12. நம் பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயம் முதல் அடுத்த உதயம்வரை. அந்தக் கணக்கில் விடியும்வரை பழைய நாள்தான். ஆக, அந்த ஒற்றுமை உண்டா இல்லையா என்பது நாளின் வரப்பை எங்கே போடுகிறோம் என்பதில் இருக்கிறது. வரப்பைத் தள்ளிப் போட்டால் பயிர் பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

இந்த அளவுக்குத் தெளிந்த பிறகு நோட்டை மூடிவிட்டேன். எட்டு வருடம் திறக்கவில்லை.

அப்பா இறந்தது ஐப்பசிப் பௌர்ணமி. சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கிற நாள். வடித்த சோற்றால் லிங்கத்தை மூடுவார்கள். வயக்காரன் போவதற்கு இதைவிட நல்ல நாள் உண்டா என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். திதி கொடுப்பது அந்தப் பௌர்ணமியில்தான். அது இங்கிலீஷ் தேதியோடு ஒட்டாது. மறுவருடமே, 2006-இல், நவம்பர் 5-க்குப் போய்விட்டது. 2016-இல் நவம்பர் 14, ஒரே ஒரு நாள் முன்னால். எனக்கு ஒவ்வொரு வருடமும் இரண்டு நாள் துக்கம்: திதி ஒன்று, நவம்பர் 15 ஒன்று.

2024-இல் இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றன. நவம்பர் 15, வெள்ளிக்கிழமை, ஐப்பசிப் பௌர்ணமி, அன்னாபிஷேகம். காலண்டரில் பார்த்தபோது பழையபடி அந்த டோக்கனைக் கையில் வாங்கியதுபோல இருந்தது.

படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்துவிட்டுப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவருக்கு 86 வயது. வாக்கியப் பஞ்சாங்கம் இல்லாமல் முடி வெட்டக்கூடப் போக மாட்டார். ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அவன் போயி எத்தன வருசம்ல ஆச்சு?"

"பத்தொம்பது பெரியப்பா."

"அப்பொ வரத்தான செய்யும். பத்தொம்பது வருசத்துக்கு ஒருக்க சூரியனும் சந்திரனும் பொறப்பட்ட எடத்துக்கே வந்து நிப்பாவ. ஒனக்குத் தெரியாதா? வாத்தியார்லா நீ?"

எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 19 சூரிய வருடம் என்பது 6,939.6 நாள். 235 சந்திர மாதம் என்பது 6,939.7 நாள். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணி நேர வித்தியாசம்தான். கிரேக்கத்தில் மெட்டோன் என்பவர் கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே சொன்ன கணக்கு இது. பெரியப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. அவருக்கு அவருடைய அப்பா சொன்னது.

இத்தனை வருடம் நான் சேர்த்துவைத்த ஒற்றுமைகள் எல்லாம் காரணம் கேட்டதும் கலைந்து போயின. இது மட்டும் காரணம் தெரிந்த பிறகு பெரிதாகிவிட்டது. டோக்கன் எண்ணுக்கும் அப்பாவுக்கும் நடுவில் என் கண் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அவர் கண் மூடிய மாலையில் கிழக்கே எழும்பிய நிலா, 235 தடவை தேய்ந்து வளர்ந்து, சூரியன் 19 தடவை சுற்றிவந்த அதே இடத்தில் திரும்ப எழும்பப்போகிறது. அது எனக்காக வரவில்லை. யாருக்காகவும் வரவில்லை. வருகிறது என்பது போதுமாக இருந்தது. 143 அடியும் அப்பாவுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். மலையில் மழை பெய்து, அணை ஏறி, மடை திறந்து, கால்வாயில் வந்து, அம்பை 16 நெல் நாற்றின் காலை நனைக்கிற எண் அது. அவர் பென்சிலால் எழுதியது அதைத்தான்.

சாயங்காலம் அம்மைநாதர் கோயிலுக்குப் போனோம். நவகைலாயங்களில் பாபநாசம் சூரியனுக்கு, எங்கள் ஊர் சந்திரனுக்கு. இதை நோட்டில் எழுதுகிற வயதைத் தாண்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். லிங்கம் தெரியாமல் சோறு மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதையே எடுத்துத் தயிர் விட்டுப் பிசைந்து வாழை இலைத் துண்டில் கொடுத்தார்கள். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வெளியே வரும்போது நிலா தென்னைக்கு மேலே வந்திருந்தது. பெரியப்பாவிடம், அடுத்து 2043-இல்தான் என்றேன். அப்பா பிறந்து நூறு வருடம் ஆகியிருக்கும். ஆனால் அந்தத் தடவை பௌர்ணமி நவம்பர் 16-க்குப் போய்விடும்போல இருக்கிறது. போன சுற்றில் லீப் வருடம் ஐந்து, வருகிற சுற்றில் நான்குதான், அதனால் ஒரு நாள் தள்ளும் என்று விளக்கினேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளு முன்னப் பின்ன ஆனா என்னல? நீ வந்துரு. ஆத்துல தண்ணி கெடக்கும்லா."